எண்ணாமல் விட்ட புள்ளிகள்

முப்பத்தோரு ஆண்டுகள் நான் புள்ளி எண்ணிப் பிழைத்தேன். செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அதன் பரிசோதனைக்கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவு. ஊசி மருந்து தயாரிக்கிற தண்ணீரில் கிருமி இருக்கிறதா, இருந்தால் எத்தனை என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

கிருமியைக் கண்ணால் எண்ண முடியாது. அதனால் தண்ணீரில் ஒரு துளியை எடுத்து, கடல்பாசிக் கூழ் ஊற்றி உறைய வைத்த வட்டத் தட்டில் பரப்பி, இளஞ்சூட்டில் வைத்துவிடுவோம். ஒவ்வொரு கிருமியும் விழுந்த இடத்திலேயே இரண்டாகி, நான்காகி, கோடியாகி, மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒரு புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளி என்றால் ஒரு கிருமியின் வம்சம். தட்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஒவ்வொரு புள்ளியையும் மசிப்பேனாவால் தொட வேண்டும். தொடும்போதே இடது கையிலுள்ள எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் ஒரு தட்டு. அந்தக் கட்டைவிரலில் காய்ப்பு இன்னும் இருக்கிறது.

பழக்கம் வேலையோடு ஓய்வு பெறவில்லை. இப்போது கொண்டாப்பூரில் மகனுடைய அடுக்ககத்தில், பதினோராவது மாடியில் இருக்கிறோம். எங்கள் வாசலிலிருந்து லிஃப்ட்டுக்குப் பத்தொன்பது காலடி. பால்கனியில் ஏழு தொட்டி. தட்டில் தோசை விழுந்தால் எண்ணுவேன். "சாப்பிட்டுட்டு எண்ணுங்க, குறையாது" என்பாள் மனைவி.

எல்லாவற்றையும் எண்ணுகிறவன் என்று நானே என்னைப் பற்றி நம்பிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. எதை எண்ணக் கூடாது என்பதையும் அதே தொழில்தான் எனக்குப் பழக்கியிருந்தது. எங்கள் கூடத்தில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. நல்ல உருண்டையான, வழக்கமான புள்ளிகளை எண்ணு. நேரம் கடந்து, குண்டூசி முனையில் பாதியளவு தலைகாட்டுவதை விட்டுவிடு. அது தூசி, காற்றுக்குமிழ், யாரோ கை பட்டது. கிருமியின் பெயரை அறிய வேண்டுமென்றாலும் தட்டில் இருப்பதிலேயே பார்க்க லட்சணமான ஒரு புள்ளியைக் கிள்ளி எடுத்துச் சோதிப்போம். அந்த ஒன்று என்னவோ அதுதான் எல்லாமும். நான் எனக்குக் கீழே வந்தவர்களுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

போன வருடம் பால்கனியில் தொட்டிகளை இடம் மாற்றும்போது இரும்புத் தாங்கியின் முனை என் வலது காலின் பெருவிரலில் ஏறிவிட்டது. இருபத்திரண்டு வருடச் சர்க்கரை. காலில் உணர்ச்சி குறைவு. வலிக்கவில்லை. தரையில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஒன்பது பொட்டு.

புண் பழுத்தது. மருத்துவமனையில் பஞ்சால் தொட்டுச் சீழை எடுத்து அனுப்பினார்கள். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே குடியிருக்கிற, திராட்சைக் குலைபோல் ஒட்டிக்கொண்டு வளர்கிற பொன்னிறக் கிருமி என்று அறிக்கை வந்தது. எளிய மருந்துக்கே பணியும் என்றும் போட்டிருந்தது. பத்து நாள் மாத்திரை. நாளைக்கு மூன்று, ஆக முப்பது. ஒன்றும் தவறவில்லை. புண் மூடிக்கொண்டது.

பத்தொன்பது நாள் கழித்துத் திறந்துகொண்டது. மறுபடி பஞ்சு. இந்த முறை அறிக்கையில் "வளர்ச்சி இல்லை". இருந்தாலும் மாத்திரை கொடுத்தார்கள், மூடியது. திறந்தது. மூன்றாம் முறையும் வளர்ச்சி இல்லை. நான் அந்த இரண்டு அறிக்கைகளையும் மகனிடம் காட்டி, "நாற்பத்தெட்டு மணி நேரம் வெச்சுப் பாத்திருக்காங்க. முறையாத்தான் செஞ்சிருக்காங்க. கிருமி இல்லே" என்று சான்றிதழ் வேறு கொடுத்தேன்.

ஊடுகதிர்ப் படத்தில் விரல் நுனி எலும்பின் ஓரம் எலி கடித்த ரொட்டிபோல் இருந்தது. அறுவை மருத்துவர் நிதானமானவர். தெலுங்கும் ஆங்கிலமுமாகப் பொறுமையாகச் சொன்னார். நோய் எலும்புக்குள் போய்விட்டது. எந்தக் கிருமி என்று தெரிந்தால் அதற்கென்று மருந்து தந்து பார்க்கலாம். தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால் அது பாதத்துக்கு ஏறும், அப்புறம் கணுக்கால். இரண்டு வாரம் எல்லா மாத்திரையையும் நிறுத்துவோம். பிறகு எலும்பையே கொஞ்சம் சுரண்டி அனுப்புவோம். அதிலும் ஒன்றும் வளராவிட்டால் அந்த வார வியாழக்கிழமையே விரலை எடுத்துவிடலாம்.

சனிக்கிழமை காலை சுரண்டினார்கள். திங்கட்கிழமை அறிக்கை. வியாழக்கிழமை விரல்.

எழுபத்து நான்கு வயதில் ஒரு விரல் பெரிய நஷ்டமா என்று கேட்கலாம். நடக்கும்போது கடைசியாகத் தரையை உந்துவது அந்த விரல்தான். அது போனால் மற்ற விரல்களின் மேல் பாரம் ஏறும், அங்கே புண் வரும், பிறகு அதுவும். இதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாற்காலியில் அமர்ந்து கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை முறை எண்ணினாலும் பத்து வந்தது.

திங்கட்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மனைவியையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தார். நாங்கள் தமிழில் முணுமுணுப்பது காதில் விழுந்து தலையை நிமிர்த்தினார்.

"ரிப்போர்ட் சாயங்காலம் போன்லயே வந்துடும், மாமா. கைக்கு இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

அவர்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்ததாம். அவர் பேச்சு தமிழாகத்தான் இருக்கும். நடுநடுவே அந்த ஊர் உருது கலந்து, ஏன் என்பது 'கைக்கு' ஆகிவிடும், ஆமாம் என்பது 'ஹவ்', வேண்டாம் என்பது 'நக்கோ'.

"நானும் இதே வேலைதாம்மா. முப்பத்தோரு வருஷம் தட்டு பாத்தவன்."

"ஹவ்! அப்ப நம்ம ஆளு. வாங்க, கண்ணாடிகிட்ட வந்து நில்லுங்க. உள்ள வர்றது மட்டும் நக்கோ."

என் எண்ணுள்ள தட்டை எடுத்தார். நாங்கள் எல்லாம் தட்டை வெளிச்சப்பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்போம். அடியிலிருந்து வெளிச்சம் வரும். அந்த அம்மாளும் முதலில் அப்படி வைத்தார். ஒன்றுமில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனார். வெயிலில் சாய்த்து, தலையையும் சாய்த்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பெட்டி மேல வெச்சா பொடிசெல்லாம் வெளிச்சத்துல கரைஞ்சுடும், மாமா. சாச்சுப் பாத்தா நெழல் விழும்" என்று சொல்லிக்கொண்டே வந்து, மூடிய தட்டைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். "இதப் பாருங்க."

வெந்நீர் ஆவி படிந்த கண்ணாடிபோல மெல்லிய பொரிப்பு. ஒவ்வொன்றும் குண்டூசி முனையில் பாதி.

"தூசிம்மா" என்றேன். "கூழ் ஊத்தும்போது விழுந்திருக்கும். தூக்கிப் போட்டுட்டு, வளர்ச்சி இல்லைன்னு எழுதிடுங்க. வியாழக்கிழமை ஆபரேஷன் வெச்சிருக்கு."

"எத்தனை இருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

அவர் சிரித்துவிட்டார். "தூசிய கைக்கு மாமா எண்ணினீங்க?"

"இவரு பல்லு விளக்கும்போதே எத்தனை தேய்னு எண்ணுவாரும்மா" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

"சரி, இன்னொண்ணு கேக்கறேன். எலும்புப் பொடிய கம்பியில தொட்டு நான் கோடு இழுத்த எடம் எது? இந்த வளைவு. நாப்பத்தொண்ணுல ஒண்ணாவது கோட்ட விட்டு வெளிய இருக்கா? வரிசைல நிக்கற மாதிரி கோட்டு மேலயே நிக்குது. நான் எங்க கோடு போட்டேன்னு தூசிக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அது தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்ட பாடம். கோட்டுக்கு வெளியே இருப்பது வந்தேறி; கோட்டின் மேல் இருப்பது மாதிரியிலிருந்து வந்தது. தெரிந்தும் ஏன் தூசி என்றேன் என்று இன்றும் யோசிக்கிறேன். மூன்று நாளாக மனத்தைத் தேற்றி, விரலை ஏறக்குறைய கொடுத்தே விட்டிருந்தேன். இனிமேல் ஒரு நம்பிக்கை வந்தால் மறுபடி முதலிலிருந்து பயப்பட வேண்டும். அது ஒரு காரணம். இன்னொன்று, அது தூசி இல்லையென்றால் இத்தனை வருடம் நான் எண்ணாமல் விட்டதெல்லாம் என்ன?

"தூக்கிப் போடறதெல்லாம் நக்கோ. எலும்புன்னா நான் அவ்ளோ சீக்கிரம் விட மாட்டேன். இதுலேருந்து கிள்ளி ரத்தம் கலந்த தட்டுல மறுபடி போடறேன். வீட்டுக்குப் போங்க. அத்தை, இவர எதையாவது எண்ணச் சொல்லி உக்கார வையுங்க."

புதன்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு அவரே கூப்பிட்டார். "மாமா, பொடிசுங்க பொடிசாவே வளந்திருக்கு. அதுங்களுக்கு நடுவுல ரெண்டே ரெண்டு பெருசு, நல்ல பொன் நிறத்துல. எல்லாம் ஒரே வீட்டுப் புள்ளைங்க. உங்க முதல் ரிப்போர்ட்ல வந்த அதே கிருமிதான். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு விரல எடுக்க மாட்டாங்க."

நான் சரி என்று மட்டும் சொன்னேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்விட்டேன்.

பிறகு கிடைத்த ஓய்வில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒரு புண்ணில் ஒரே கிருமி, ஒரே மாதிரி, கோடிக்கணக்கில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கிருமி இரண்டாகும் ஒவ்வொரு முறையும் தன் வம்ச எழுத்தைப் பார்த்து எழுதுகிறது. அத்தனை கோடிப் பிரதி எழுதினால் எங்கோ ஓர் எழுத்து பிசகும். பிசகிய பிள்ளைகளில் பெரும்பாலானவை நலிந்து போகும். அப்படி நலிந்ததில் ஒரு வகைதான் என் பொடிசுகள்: சத்தை எரித்து விசையாக்கும் வழியில் ஏதோ ஒரு பழுது, அதனால் மெதுவாகச் சாப்பிட்டு மெதுவாக வளர்கிறவை. சாதாரணக் காலத்தில் வேகமாக வளரும் அண்ணன் தம்பிகளோடு போட்டி போட முடியாது. ஆனால் மருந்து வரும்போது கதை மாறுகிறது. பல மருந்துகள் சுறுசுறுப்பாகப் பெருகுகிறவனைத்தான் நன்றாகப் பிடிக்கும். சில, அந்த விசை இல்லாதவனுக்குள் நுழையவே தடுமாறும். பொடிசுகளோ நம்முடைய செல்லுக்குள்ளேயே புகுந்து ஓசையில்லாமல் உட்கார்ந்துகொள்கின்றன. வேகக்காரன் எல்லாம் சாவான், பொடிசு பிழைக்கும். மருந்தை நிறுத்தியதும் பொடிசுகளில் ஒன்றிரண்டு பிசகு திருந்திப் பழையபடி வேகக்காரனாகும். புண் திறக்கும்.

ஆக, மருந்து இருக்கும் நாளில் ஒருவன் தேவை, இல்லாத நாளில் மற்றவன் தேவை. நாள் மாறி மாறி வருவதால் இரண்டு வகையும் அழியாமல் இருக்கின்றன. அந்த நாட்களை மாற்றி மாற்றிக் கொடுத்தவன் நான். பத்து நாள் மாத்திரை, பத்தொன்பது நாள் வெறுமை, மறுபடி பத்து நாள். ஒரு வேளை தவறாமல், முப்பது முப்பதாக எண்ணி விழுங்கி, இரண்டு வகையையும் என் விரலுக்குள் வளர்த்திருக்கிறேன். மருத்துவர் சொன்னபடிதான் செய்தேன். அவரும் கண்ணுக்குத் தெரிந்த கிருமிக்குச் சரியான மருந்தைத்தான் கொடுத்தார். யார் மேலும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தெரியாதவை பொடிசாக இருந்தன, அவ்வளவுதான்.

இதையெல்லாம் மனைவியிடம் விளக்கினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"அதாவது, வேலைவெட்டி இல்லாம மூலையில உக்காந்திருக்கறவனாலதான் குடும்பம் தழைக்குதுங்கறீங்க."

"கிருமிக் குடும்பம்."

"நான் வேற குடும்பத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

ஆறு வாரம் சிகிச்சை. பொடிசுகளிலிருந்தே கிள்ளி எடுத்துச் சோதித்து, எது எலும்புக்குள்ளும் செல்லுக்குள்ளும் போய்த் தொடும் என்று பார்த்து, இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்று மாத்திரை, ஒன்று நரம்பில். மருத்துவர் நகத்தை எடுத்துவிட்டு, அரித்த எலும்பின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் சுரண்டிச் சுத்தம் செய்தார். காலையும் மாலையும் நூறு மில்லி, அரை மணி நேரம் சொட்டும். மில்லிக்கு இருபது துளி. நாற்பத்திரண்டு நாளுக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் துளி. இன்னொரு கணக்கும் போட்டேன். வருடத்துக்கு இருநூற்று எண்பது வேலை நாள், நாளைக்கு இருபது தட்டு, முப்பத்தோரு வருடம்: ஒரு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு தட்டு. ஏறக்குறைய ஒரு தட்டுக்கு ஒரு துளி. ஐயாயிரத்து அறுநூறு குறைவு.

அந்தக் கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் தட்டுகளில் எத்தனையில் பொடிசு இருந்ததோ? நான் 'இல்லை' என்று கையெழுத்துப் போட்ட தண்ணீர் எங்கெல்லாம் போனதோ? ஆறு வாரமும் முடிந்தபின் அந்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனபோது கண்ணாடித் தடுப்பின் முன்னால் நின்று இதைச் சொல்லிவிட்டேன்.

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

"மாமா, உங்க தண்ணி அதுக்கப்புறம் கொதிச்சு, வடிகட்டி, எத்தனை சோதனை தாண்டிப் போயிருக்கும்? உங்க ஒரு கையெழுத்துலயா வெளிய போச்சு?"

"இல்லே. அதுக்கப்புறம் நாலு சோதனை உண்டு."

"நாலா? அதையும் எண்ணித்தான் வெச்சிருக்கீங்க. அப்புறம் என்ன? நீங்க விட்டதுல தூசியும் இருந்திருக்கும், பொடிசும் இருந்திருக்கும். நானும் விட்டிருக்கேன். முன்னாடி ஒரு தடவை விட்டதாலதான் இப்ப சன்னலுக்குத் தூக்கிட்டுப் போறேன்."

அந்த முன்னாடி ஒரு தடவை யாருடைய கால் என்று நான் கேட்கவில்லை. அந்த யாரோ ஒருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன் என்று மட்டும் தோன்றியது.

பணி ஓய்வின்போது எனக்குக் கொடுத்த எண்ணும் கருவியைப் பையில் கொண்டு போயிருந்தேன். எஃகுக் கருவி, என் கட்டைவிரல் பட்டுப் பட்டு அதன் பித்தானும் பளபளத்திருந்தது. "இது உங்களுக்கு" என்றேன்.

"இப்பல்லாம் மெஷினே எண்ணிடுது, மாமா. நக்கோ."

"மெஷின் பொடிசை எண்ணுமா?"

கொஞ்சம் யோசித்தார். "எண்ணாது" என்றார். வாங்கிக்கொண்டார். இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, சன்னல் விளிம்பில், வெயில் விழும் இடத்தில் வைத்தார்.

"நன்றிம்மா" என்று அப்போதுதான் சொன்னேன். ஐம்பத்தொரு நாள் தாமதம்.

"அடுத்த தடவை ரிப்போர்ட்டுக்கு நேர்ல வந்து உக்காராதீங்க. அது போதும்."

மருந்து நிறுத்தி இன்றோடு இருநூற்றுப் பதினான்கு நாள். புண் திறக்கவில்லை. புதுப் படத்தில் எலும்பின் ஓரம் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, மேற்கொண்டு அரிக்கவில்லை. ஒரு வருடம் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். எங்காவது ஒன்றிரண்டு இன்னும் உட்கார்ந்திருக்கலாம். இருக்கட்டும். என்னைப்போல அவையும் மூலையிலேயே உட்கார்ந்து, வாசல் பக்கம் வராமல் இருந்தால் சரி.

காலையில் பால்கனிக்கு வெயில் வந்ததும் கால்கள் இரண்டையும் நீட்டிச் சாய்த்து வைத்துப் பார்க்கிறேன். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடும் பள்ளமும் சாய்ந்த வெயிலில் தெரியும். மனைவி காப்பியோடு வருவாள்.

"எத்தனை?"

"பத்து."

"நேத்தும் அதுதானே சொன்னீங்க" என்று தம்ளரை வைத்துவிட்டுப் போவாள்.

புது நகம் பாதிக்கு மேல் வந்துவிட்டது. கொஞ்சம் கோணலாக வளர்கிறது. அதைப் பற்றி ஒரு கவலை இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.